எல்லைப்புறத்துக் காப்பிக்கடை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்து தெற்கே சென்றால், பாறசாலையை அடைவதற்கு முன்னர், சாலையை விட்டுச் சற்றே விலகித் தனுவச்சபுரம் என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. கேரள மாநிலத்தின் தென்கோடியிலுள்ள நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்தது இவ்வூர். இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் களியக்காவிளை இருக்கிறது. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. 1979-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இருப்புப்பாதையில் இவ்வூருக்கும் ஒரு நிலையம் உண்டு. 1964-இல் இங்கு நிறுவப்பெற்ற கல்லூரி வேலுத்தம்பித் தளவாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்தளவாய் பிறந்த தலக்குளமோ இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. ஒரு மாநிலத்தில் பிறந்தவரின் நினைவை அடுத்த மாநிலம் போற்றுகிறது என்று இதனைச் சொல்வதைவிட, இரண்டும் ஒரு காலத்தில் ஒரே நாடாக இருந்தன என்று சொல்வதே பொருந்தும்.

ஒரு பகுதியின் வரலாற்றைக் கூறப் புகும்போது கோயிலிலிருந்தும் கோட்டையிலிருந்தும் தொடங்குவது நமது வழக்கம். இப்பகுதிக்கு அத்தகைய பெருமைகளும் குறைவில்லை. இளமையில் பகைவரிடமிருந்து தப்பிய மார்த்தாண்டவர்மர் ஒளிந்திருந்ததாகக் கூறப்படும் அம்மச்சிப் பலாவின் அடிமரம் நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் போற்றிக் காக்கப்படுகிறது. பாறசாலையில் பழைமை வாய்ந்த மகாதேவர் கோயில் இருக்கிறது. ஆயினும் இன்று நாம் நேயர்களை அழைத்துச் செல்ல விரும்புவது ஊரின் சின்னஞ்சிறு காப்பிக்கடைக்கு. அரசரும் அமைச்சரும் அக்கடையில் அமர்ந்ததில்லை. ஆனால் அவர்கள் ஆண்ட நாட்டில் எளிய மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், அவ்வாழ்வு எப்படி மாறியது என்பதை அறிய வேண்டுமானால் அக்கடையைப் போல் நமக்கு உதவும் இடம் வேறொன்று இருத்தல் அரிது.

இப்பகுதியின் காப்பிக்கடையைக் கண்டறியாத நேயர்களுக்காக அதனைச் சிறிது வருணிப்போம். ஓடு வேய்ந்ததோ தகரம் போட்டதோ ஆன தாழ்ந்த முகப்பு. வாயிலில் கயிற்றில் தொங்கும் வாழைக்குலை. கண்ணாடிப் பெட்டியில் பருப்புவடையும், ஏத்தன் பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த அப்பமும் இருக்கும். விடியற்காலையில் சென்றால் புட்டும் பயறும் பப்படமும் கிடைக்கும், தோசை கிடைக்கும், இரசத்தில் ஊறிய வடையும் கிடைக்கும். மூலையில் எப்பொழுதும் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். பழைய கடைகளில் செம்பினாலோ பித்தளையினாலோ செய்த ‘சமோவர்’ என்னும் கொதிகலம் இருந்தது. அதனுள் ஒரு நாணயத்தைப் போட்டு வைப்பார்கள். நீர் கொதிக்கும்போது அந்நாணயம் கலகலவென ஒலிக்கும். வழியே போகிறவன் அவ்வொலியைக் கேட்டே, கடை திறந்திருக்கிறது, வெந்நீர் ஆயத்தமாக இருக்கிறது என்று அறிந்துகொள்வான்.

இக்கடையில் மூன்று பொருள்கள் நம் கவனத்துக்கு உரியன. முதலாவது, குடிக்கும் பானம். இரண்டாவது, அதனை ஊற்றித் தரும் பாத்திரம். மூன்றாவது, அமர்ந்து குடிப்பதற்கென்று போட்டிருக்கும் பெஞ்சு. இம்மூன்றுக்கும் தனித்தனியே வரலாறு உண்டு.

பானத்தின் பெயரிலிருந்தே தொடங்குவோம். நெய்யாற்றின்கரையிலும் சரி, எல்லைக்கு இப்பாலுள்ள விளவங்கோட்டிலும் சரி, “காப்பி குடித்தாயிற்றா?” என்று காலையில் ஒருவர் வினவினால், “காலை உணவு முடிந்ததா?” என்பதே பொருள். புட்டு உண்டவரும் காப்பி குடித்தவரே; கிழங்கு உண்டவரும் காப்பி குடித்தவரே. தேநீரைச் ‘சாயா’ என்பது மலையாள வழக்கு. எல்லையோரத் தமிழரும் அவ்வாறே கூறுவர். கிழக்கே செல்லச் செல்ல அது ‘டீ’ ஆகிவிடும். இவ்விரு சொற்களுமே சீன நாட்டிலிருந்து வந்தவை. ‘சா’ என்று வழங்கிய சீனப் பகுதிகளின் சொல் ஒரு வழியாகவும், ‘தே’ என்று வழங்கிய தென்கிழக்குக் கடற்கரைச் சீனரின் சொல் டச்சு வணிகரின் கப்பல் வழியாகவும் உலகெங்கும் பரவின. ‘காப்பி’யோ அரபு நாட்டுக் ‘கஹ்வா’விலிருந்து பிறந்தது. இவ்வாறு சீனமும் அரபும் தனுவச்சபுரம் போன்ற சிற்றூரின் பெஞ்சில் அருகருகே அமர்ந்திருக்கின்றன.

காப்பிச் செடி நம் நாட்டுக்கு வந்த கதை பலரும் அறிந்ததே. பாபா பூதன் என்னும் சூஃபிப் பெரியார் 17-ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து மைசூர்ச் சீமையின் சந்திரகிரி மலையில் ஊன்றினார் என்பது மரபு. ஆங்கிலேயர் காலத்தில் காப்பி பெருந்தோட்டப் பயிராயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இலங்கையின் மலைகளிலும், அடுத்துத் திருவிதாங்கூரின் மலைகளிலும் காடுகளை அழித்துக் காப்பி பயிரிட்டனர். நாஞ்சில் நாட்டுக்கு வடக்கேயுள்ள அசம்பு மலையிலும் காப்பித் தோட்டங்கள் தோன்றின.

இத்தோட்டங்களில் மண்வெட்டி பிடித்தவர்கள் யாவர்? பெரும்பாலும் தமிழ் மக்களே. இலங்கைக்குச் சென்றவர்கள் கடலைக் கடந்து, மன்னார்க் காட்டு வழியே நாட்கணக்கில் நடந்து மலையேறினார்கள். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். தென் திருவிதாங்கூரின் ஏழை மக்களும் அசம்பு மலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்றனர். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-ஆம் ஆண்டின் அரசாணையால் ஒழிக்கப்பட்டது. ஆணை பிறந்தாலும், வயலில் வேலை செய்தவனுக்கு நிலவுடைமையாளர் நெல்லாக அளந்ததே கூலியாக நீடித்தது. காசாகக் கூலி பெற்றவன் தன் விருப்பம்போல் சந்தைக்குப் போகலாம், துணி வாங்கலாம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். மலைத்தோட்டத்து வேலை கொடியதாக இருந்தும் மக்கள் அதனை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம். பிழைப்புக்காக ஊரைவிட்டு வேற்று நாடு சென்ற தமிழரின் வரலாற்றில் காப்பிக்கு இவ்வளவு பெரிய இடம் இருப்பதை வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் சிறப்பாக உணர்வார்கள்.

1869-ஆம் ஆண்டளவில் இலங்கைத் தோட்டங்களில் காப்பி இலையில் துருப்போன்ற நோய் கண்டது. சில ஆண்டுகளில் அது தென்னிந்திய மலைகளுக்கும் பரவியது. தோட்ட முதலாளிகள் பலர் முதலிழந்தனர். எஞ்சியவர்கள் தேயிலைக்கு மாறினர். 1877-இல் பூஞ்ஞாற்றுத் தலைவரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்குப் பெற்ற கண்ணன் தேவன் மலைகள் பின்னர்த் தேயிலைக் கடலாக மாறின. அங்கும் கொழுந்து கிள்ளிய கைகள் தமிழகத்திலிருந்து சென்றவையே. தொடக்கத்தில் தேயிலை ஏற்றுமதிச் சரக்காகவே இருந்தது. உள்நாட்டு மக்களிடம் அதனைப் பரப்புவதற்கென 1903-இல் சட்டமியற்றித் தேயிலை மீது தீர்வை விதித்துப் பணம் திரட்டினார்கள். பின்னர் 1930-களில் சந்தைகளிலும் தெருக்களிலும் தேநீரைக் காய்ச்சிக் காட்டி, சுவைக்கக் கொடுத்துப் பழக்கினார்கள். உயர்ந்த இலை கப்பலேறியபின் மிஞ்சிய தூளே ஏழையின் கோப்பைக்கு வந்தது. அத்தூளைத் துணிப்பையில் வடிகட்டிப் பாலும் சர்க்கரையும் கூட்டி, உயரத் தூக்கி ஆற்றி நுரைபொங்கத் தருகின்ற கலையைக் கடைக்காரர்கள் தாமே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

இங்கே மற்றொன்றையும் நினைவுகூர்தல் வேண்டும். காப்பியும் தேயிலையும் மலையிலிருந்து இறங்கி வந்தவை. ஆனால் அவற்றுக்கு இனிப்பூட்டிய பொருள் இம்மண்ணிலேயே பிறந்தது. தென் திருவிதாங்கூர் பனைமரங்களின் நாடு. பதநீரைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டிக்குத் தமிழிலும் மலையாளத்திலும் பெயர் ஒன்றே. சீனிச் சர்க்கரை விலையேறிய பண்டமாக இருந்த நாட்களில் கருப்பட்டிக் காப்பியே வீடுகளிலும் கடைகளிலும் வழங்கிற்று. சுக்கும் மிளகும் தட்டிப்போட்டால் அதுவே மழைக்கால மருந்தாயிற்று. நாள்தோறும் பனையேறிய உழைப்பாளியின் வியர்வையும் அக்கோப்பையில் கலந்திருக்கிறது. கூடவே தட்டில் வரும் மரச்சீனிக் கிழங்கும் அயல்நாட்டுப் பயிரே. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதனைத் திருவிதாங்கூரில் பரப்பி, பஞ்சகாலத்தில் ஏழைகளின் வயிற்றைக் காத்தார் என்று இன்றும் மக்கள் நன்றியோடு கூறுவர்.

இனி, பாத்திரத்தைக் காண்போம். இன்று அது கண்ணாடிக் கிளாஸ். யார் வந்தாலும் அதே கிளாஸ்தான். கழுவி அடுத்தவருக்குத் தருகிறார்கள். இதிலே கூறுவதற்கு என்ன இருக்கிறது என்று இளைய தலைமுறையினர் வினவலாம். கூறுவதற்கு மிகுதியாக இருக்கிறது.

இப்பகுதியில் கடைகள் தோன்றிய காலத்தில் புலையர், பறையர் முதலிய மக்கள் கடைக்குள் நுழைய இயலாது. காசு கொடுத்தாலும் அவர்கள் வெளியே தொலைவில் நிற்க வேண்டும். அவர்களுக்குச் சிரட்டையில் சாயா ஊற்றப்பட்டது. தேங்காயின் ஓட்டைத் தமிழகத்தின் பிற பகுதியார் கொட்டாங்கச்சி என்பர். எல்லைப்புறத்தில் இரு மொழியாருக்கும் அது சிரட்டையே. குடித்தபின் எறிந்துவிடலாம் அல்லவா? அவர்கள் உதடு பட்ட பாத்திரத்தை மற்றவர் தொடவேண்டியதில்லை என்பதற்காகவே அந்த ஏற்பாடு. மலையில் காப்பிச் செடி நட்டவனும் தேயிலை கிள்ளியவளும் யாரோ, அவர்களுக்கே அப்பானத்தைக் கிளாஸில் பெறும் உரிமை மறுக்கப்பட்டது.

இவ்வநீதியை எதிர்த்த முழக்கங்களுள் மிக வலியவை இந்த நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலிருந்தே எழுந்தன என்பதை நாம் பெருமிதத்துடன் குறிப்பிடலாம். தனுவச்சபுரத்திலிருந்து வெகு தொலைவில் இல்லாத அருவிப்புறத்தில், நெய்யாற்றின் கரையில், 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று நாராயண குரு சிவனைப் பிரதிட்டை செய்தார். பிரதிட்டை செய்யும் உரிமை பிறப்பினால் வருவது என்று கருதப்பட்ட காலத்தில் அச்செயல் நாட்டையே அதிரச் செய்தது. சாதி வேற்றுமையும் சமயப் பகையும் இன்றி அனைவரும் உடன்பிறப்புகளாக வாழும் முன்மாதிரி இடம் இது என்ற கருத்தை அவர் அங்கே எழுதுவித்தார். அவர் தமிழிலும் தேர்ச்சி பெற்றவர். தமிழில் பதிகங்கள் இயற்றியவர். குமரி நாட்டு மருத்துவாழ் மலையில் தவமிருந்தவர்.

அதே தாலுகாவைச் சேர்ந்த வெங்ஙானூரில் 1863-இல் பிறந்தவர் அய்யன்காளி. ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த பொதுச் சாலையில் 1893-இல் இரட்டை மாட்டு வில்வண்டி பூட்டி, தலைப்பாகை அணிந்து அவர் சென்றார். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் வயலில் இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளரை ஒன்றுதிரட்டி நிறுத்தினார். 1911-இல் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினரானார். முதலில் சாலை, பின்னர் பள்ளி, அதன் பின்னர் கடை என்ற வரிசையில்தான் உரிமைகள் வந்தன. சாலையில் நடக்க முடியாதவன் சாலையோரக் கடையில் எவ்வாறு அமர்வான்?

இதன் தொடர்ச்சியாகவே 1924-இல் வைக்கம் சத்தியாகிரகம் நிகழ்ந்தது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும் என்னும் அப்போராட்டத்தில் ஈரோட்டிலிருந்து சென்ற பெரியார் சிறைப்பட்டதைத் தமிழர் அனைவரும் அறிவர். 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. கோயிலின் கதவு திறந்தபின் கடையின் கதவை அடைத்து வைத்திருப்பது எளிதன்று. விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியலமைப்பு 1950-இல் தீண்டாமையை ஒழித்தது. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் எவரையும் பிறப்பினால் தடுக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே விதித்தது. 1955-இல் இயற்றப்பெற்ற தீண்டாமைக் குற்றச் சட்டம், பொது உணவு விடுதியிலுள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. ஒரு கிளாஸுக்காக நாட்டின் நாடாளுமன்றம் சட்டம் செய்ய வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தீமை ஒரு மொழியாருக்கோ ஒரு மாநிலத்துக்கோ மட்டும் உரியதாக இருக்கவில்லை. நாகர்கோவில் வழக்கறிஞர் மன்றத்தில் சாதிக்கு ஒரு தண்ணீர்ப் பானை வைத்திருந்ததைக் கண்ட இளம் வழக்கறிஞர் நேசமணி அப்பானைகளை உடைத்தெறிந்து, எல்லோருக்கும் ஒரே பானையை வைத்தார் என்று குமரி மாவட்டத்தில் இன்றும் கூறிவருகின்றனர். சென்னையிலேயே, ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரி 1957-இல் பெரியாரின் இயக்கத்தார் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றனர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் தேநீர்க் கடைகளில் ‘இரட்டைக் குவளை’ முறை அதன் பின்னரும் பல்லாண்டுகள் நீடித்தது. முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று இன்றும் நெஞ்சில் கைவைத்துக் கூற இயலவில்லை. எறிந்துவிடத்தக்க காகிதக் குவளை சில இடங்களில் பழைய சிரட்டையின் வேலையைச் செய்வதாகச் செய்திகள் வந்துள்ளன. ஆகவே ஒரு கடைக்குள் நுழையும்போது, எல்லோருக்கும் ஒரே வகைக் குவளைதானா என்று நோக்குவது இன்றும் தேவையான வரலாற்றுப் பாடமே.

மூன்றாவதாக, பெஞ்சைக் காண்போம். காப்பிக்கடைப் பெஞ்சில் அமர்ந்தவன் வெறுமனே குடித்துவிட்டுப் போவதில்லை. அங்கே செய்தித்தாள் கிடக்கும். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், பின்னர் வாதம் தொடங்கும். வாதம் முற்றிக் கைகலப்பாகிவிடுமோ என்று அஞ்சிய கடைக்காரர்கள் பலர் ‘இங்கு அரசியல் பேசக் கூடாது’ என்று எழுதி மாட்டினார்கள். பலகை தொங்கிக்கொண்டே இருந்தது. அரசியலும் நடந்துகொண்டே இருந்தது.

செய்தித்தாளுக்கும் இந்நிலத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. ‘சுதேசாபிமானி’ இதழின் ஆசிரியர் இராமகிருஷ்ண பிள்ளை 1878-இல் நெய்யாற்றின்கரைப் பகுதியில் பிறந்தவர். ஆட்சியாளரின் முறைகேடுகளை அஞ்சாது எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26-ஆம் நாள் அவருடைய அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. அவர் திருவிதாங்கூரிலிருந்து நாடு கடத்தப்பட்டார். காவலர்கள் அவரை இத்தென்திசைச் சாலை வழியே அழைத்துச் சென்று, ஆரல்வாய்மொழிக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையில் விட்டார்கள். 1938 ஆகஸ்டு 31-இல் பொறுப்பாட்சி கோரிய மக்கள் மீது நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. 1945-இல் பி. என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கம் ஊர்தோறும் வாசகசாலைகளைத் தோற்றுவித்தது. கடைப்பெஞ்சில் செய்தித்தாளுக்குச் செவி கொடுத்தவரின் பிள்ளைகள் வாசகசாலைக்குச் சென்று தாமே படிக்கலாயினர்.

அந்தப் பெஞ்சு மொழிப் போராட்டத்தின் காலத்தையும் கண்டது. 1945-இல் நாகர்கோவிலில் பிறந்து, பின்னர்த் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் பெற்ற இயக்கம், நேசமணியின் தலைமையில், தமிழ் வழங்கும் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்று கோரியது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றுடன் நெய்யாற்றின்கரையும் அக்கோரிக்கையில் இடம்பெற்றிருந்தது. 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறையின் துப்பாக்கிக்குத் தமிழர் பலர் பலியாயினர். மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் 1955-ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின்னர், 1956 நவம்பர் 1-ஆம் நாள், முதல் நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதியும் சேர்ந்தது. நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன.

அவ்வாறு நின்றுவிட்ட தமிழர் கேரளத்தின் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். ஊரைவிட்டு ஓர் அடியும் பெயராமலே ‘வெளிமாநிலத் தமிழர்’ ஆனவர்கள் அவர்கள். எல்லைக்கு அப்பால் தங்கிய மலையாளம் பேசுவோரின் நிலையும் அஃதே. ஆனால் மணவுறவும் சந்தை வணிகமும் எல்லைக்கோட்டைக் கேட்டு நடக்கவில்லை. பாறசாலையிலோ தனுவச்சபுரத்திலோ காப்பிக்கடையில் அமர்ந்து செவிமடுத்தால், தமிழில் தொடங்கிய வாக்கியம் மலையாளத்தில் முடிவதைக் கேட்கலாம். கேட்பவருக்கு இதில் வியப்பில்லை. சொல்பவருக்கு இதில் வெட்கமில்லை. மொழிக்காக உயிர் நீத்தவர்களின் நினைவை அது சிறிதும் குறைப்பதில்லை. தத்தம் மொழிக்கு உரிய மதிப்புக் கிடைத்தபின் அண்டை மொழியோடு பகைகொள்ள வேண்டிய தேவை இல்லை என்பதையே அது காட்டுகிறது.

காப்பிக்கடையே எல்லை தாண்டிச் சென்ற வரலாறும் சுவையானது. தமிழ்நாட்டின் ஊர்களில் தேநீர்க் கடையை நடத்தியவர் யாராயினும், மலையாளியாக இருந்தால் அது ‘நாயர் கடை’ என்றே பெயர் பெற்றது. தமிழரின் காப்பியோ இட்லியோடு சேர்ந்து மும்பையின் மாட்டுங்காவுக்கும், தில்லியின் கரோல் பாகுக்கும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டுக்கும் சென்றது. 1950-களில் காப்பி வாரியம் தன் காப்பி விடுதிகளை மூடியபோது வேலையிழந்த தொழிலாளர், ஏ. கே. கோபாலனின் வழிகாட்டுதலால் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துத் தாமே விடுதிகளை நடத்தத் துணிந்தனர். 1957-இல் தில்லியிலும், 1958-இல் கேரளத்தின் திருச்சூரிலும் அவர்களுடைய இந்தியன் காப்பி ஹவுஸ்கள் திறக்கப்பட்டன. பரிமாறியவரே உரிமையாளரும் ஆன அந்நிகழ்ச்சி, சிரட்டையிலிருந்து தொடங்கிய இக்கதையில் ஓர் ஒளிமிக்க பகுதி.

குறை ஒன்றையும் மறைக்கலாகாது. பெஞ்சு எல்லோருக்கும் திறந்தது என்று சொன்னோம். பெண்களுக்கு அது அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. மேலாடை அணியும் உரிமைக்காக இத்தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் பட்ட பாட்டையும், 1859-இல் அரசு இறங்கிவந்து ஆணையிட்டதையும் வரலாறு போற்றுகிறது. அவர்களின் பேத்திகள் படித்தார்கள், வேலைக்குச் சென்றார்கள். ஆயினும் ஊர்க் காப்பிக்கடைப் பெஞ்சில் ஒரு பெண் தனியே அமர்ந்து செய்தித்தாள் படிக்கும் காட்சி நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. 1998-இல் கேரளத்தில் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் பெண்கள் இப்போது தாமே உணவகங்களை நடத்துகிறார்கள். கல்லாவில் பெண் அமர்ந்திருக்கும் கடையில் மற்றொரு பெண் தயங்காமல் நுழைகிறாள்.

இன்று கேரளத்தின் கடைகளில் சாயா ஆற்றித் தருபவர் பலர் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள். ஒரு காலத்தில் தமிழர் மலைத்தோட்டத்துக்குச் சென்றதுபோலவே இவர்களும் பிழைப்புத் தேடித் தெற்கே வந்திருக்கிறார்கள். வேலை முடிந்தபின் அதே பெஞ்சில், அதே கிளாஸுடன், ஊராரோடு சமமாக இவர்கள் அமர்கிறார்களா? இதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அக்கடைகளுக்குச் செல்லும் நாம்தாம். பிற மாநிலத்தில் முதன்முதல் காலடி வைத்த நாளில் அறிமுகமில்லாத ஒருவர் சற்றே நகர்ந்து நமக்கு இடம் கொடுத்ததன் அருமை வெளிமாநிலத் தமிழர்க்குத் தெரியும்.

நேயர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது திருவனந்தபுரம் வழியே கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதையில் செல்ல நேரிடலாம். நெய்யாற்றின்கரையைக் கடந்தபின் தனுவச்சபுரம் என்னும் பெயர்ப்பலகை சன்னலுக்கு வெளியே தோன்றும். விரைந்து செல்லும் வண்டிகள் அங்கே நிற்பதில்லை. சாதாரண வண்டியில் வந்தால் இறங்கலாம். இறங்கி, ஊர்க் கடையொன்றில் ஒரு காப்பி கேட்கலாம். தமிழில் கேட்டாலும் கிடைக்கும். மலையாளத்தில் கேட்டாலும் கிடைக்கும். கடைக்காரர் சாதியும் கேட்கமாட்டார், ஊரும் கேட்கமாட்டார். “சர்க்கரை போதுமா?” என்று மட்டும் கேட்பார்.